தவளைத்தோல் கிழங்கு

ஜாம் குப்பிகளைவிடக் குழந்தை உணவுக் குப்பிகள்தான் இந்த வேலைக்கு வசதி, ஐயா. வாய் சின்னது, தூசி போகாது. காவ்கா மலையில் எங்கள் பெண்கள் சங்கம் மரவள்ளிக் கன்றுகளை அதில்தான் வளர்த்தது. குருத்தின் நுனியை ஊசிமுனை அளவு சீவி, சர்க்கரையும் இளநீரும் கலந்த கூழில் வைத்தால் புதுத் தளிர் விடும். அதைக் கணுக்கணுவாக நறுக்கினால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி.

நுனி மிகச் சிறிதாக இருந்தால் அதற்கு நோய் எட்டியிருக்காது. ஆனால் பிழைப்பது அரிது. எத்தனையோ அழுகிப்போன பிறகு, ஊருக்கு முதல் நல்ல தளிரை எடுத்தவள் நான். எடுத்தவள் பெயரையே ரகத்துக்கு வைப்பது சங்கத்து வழக்கம். நான் காய்ச்சலில் கிடந்தபோது ரகத்தைப் பதிவுசெய்ய அதிகாரிகள் வந்தார்கள். சங்கத்தில் என்னோடு வேலை செய்யும் யோலிமா குப்பியை ஏந்திக்கொண்டு தன் தளிர் என்று சொல்லிவிட்டாள். ரகத்துக்கு அவள் பெயர் விழுந்தது. அவள் மகளுக்கு ஞானத்தாய் நான். போய்க் கேட்டேன்.

"விடுக்கா, யாரு பேரா இருந்தா என்ன? கெழங்கு எல்லார் வீட்டுலயும்தானே வேகப்போகுது" என்று சிரித்தாள்.

 நான் சண்டை போடவில்லை, எனக்குச் சண்டை பிடிக்காது. குப்பி வேலை அப்போதும் என் கையில்தான் இருந்தது. அடுத்த நடவுக்குத் தவளைத்தோல் நோய் பிடித்த செடியிலிருந்து நுனி எடுத்தேன், கொஞ்சம் பெரிதாகவே. பெரிய நுனி சுலபமாகப் பிழைக்கும், நோயோடு சேர்ந்து. அது இலையில் தெரியாது. தண்டு வழக்கத்தைவிடப் பருத்து நிற்கும். யோலிமா ரகம் என்று ஊரே ஆசையாக நட்டது. வயலின் செழிப்பைப் பார்த்துச் சங்கத்தில் ஆடினார்கள். நானும் ஆடினேன்.

தோண்டியபோது கிழங்கு இல்லை. கட்டை போன்ற வேர், உதடு உதடாக வெடித்த தோல். பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. கிழவர் எலியேசர் பட்டினியில் செத்தார். வயதானவர், எப்படியும் போயிருப்பார். யோலிமா வீட்டின்மேல் கல் விழுந்தது. மகளைத் தலைநகர் பொகோட்டாவுக்கு வீட்டுவேலைக்கு அனுப்பிவிட்டு அவள் என்னிடம்தான் வந்தாள்.

"ஊரே காறித் துப்புது. நீ ஒருத்திதான்க்கா என்னை ஒரு வார்த்தை சொல்லல."

கோழி சூப் கொடுத்து, என்னோடேயே இருந்துகொள் என்றேன். ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள்: இத்தனை மாதமாக என் வீட்டில் சாப்பிடுகிறாள், என் தளிரைத் திருடியதற்கு அவள் இன்னும் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.