ஆனி நாலும் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்தும்

தலைமை ஆசனத்தை அலங்கரித்து, மைக்கையும் நேரமணியையும் ஒரே கையில் வைத்திருக்கும் தலைவி யோகமலர் அவர்களே. விதி என்று வந்துவிட்டால் வெயிலையும் வரிசையில் நிற்கச் சொல்லும் செயலாளர் இராஜரட்ணம் அண்ணை அவர்களே. நான் எழுந்ததும் காதுக் கருவியைத் திருகிக்கொண்ட முன்வரிசைப் பெரியோர்களே, கூட்டினீர்களா குறைத்தீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. பின்வரிசையில் வடைக்கும் கேக்குக்கும் காவலிருக்கும் தாய்மார்களே. மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்களே, யூனியன்வில்லிலிருந்து பிள்ளைகளின் காரில் இறக்கப்பட்டுப் பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஏற்றப்பட இருப்பவர்களே. ரொறன்ரோ, ஸ்காபரோவின் இந்தச் சிறு மண்டபத்தில் நிறைந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் ஜெயரட்ணத்தின் பணிவான வணக்கம்.

நம் மூத்தோர் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பிஸ்கட் டின்னுக்குள் ஆண்டுகளை எழுதிய சீட்டுகள் கிடக்கும். கையை விட்டு எடுத்த ஆண்டைப் பற்றி அடுத்த மாதம் பேச வேண்டும். போன தடவை எடுத்தவருக்கு 1983 வந்தது. அவர் சீட்டை மடித்து மறுபடி டின்னுக்குள் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு வந்தது 1815. நிம்மதியான ஆண்டு. அதில் நம்மில் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் என் பேச்சு முடிந்ததும் நிகழ்ச்சி நிரலில் இன்னொரு விடயம் இருக்கிறது. குணவதி அக்காவுக்கு இன்றைக்கு எழுபத்தைந்து வயது. எழுபத்தைந்து நிறைந்தவர்களுக்குச் சங்கம் பொன்னாடை போர்த்தி, கேக் வெட்ட வைக்கும். அக்கா தனக்கு அது இன்றைக்கே வேண்டும் என்கிறார். செயலாளர் முடியாது என்கிறார். ஏனென்றால் கனடாவின் கடதாசிகளில் அக்கா பிறந்தது ஜனவரி முதலாம் தேதி.

இந்தச் சங்கத்தில் எத்தனை பேர் ஜனவரி முதலாம் தேதி பிறந்தவர்கள்? கை உயர்த்துங்கள். பத்தொன்பது. பார்த்தீர்களா? யாழ்ப்பாணத்துத் தாய்மார் அந்த ஒரு நாளுக்காகவே ஆண்டு முழுக்கப் பொறுத்திருந்திருக்கிறார்கள். பிறந்த தேதி சரியாகத் தெரியாதென்றால் இந்த நாட்டுக் கந்தோரில் போட்டுக்கொடுத்த தேதி அது. ஒவ்வொரு புதுவருடத்திலும் பத்தொன்பது கைகள் ஒரு கத்தியைப் பிடித்து ஒரு கேக்கை வெட்டுகின்றன. கேக் வெட்டுப்படுவதில்லை, நசிகிறது. குணவதி அக்கா மட்டும் அந்தக் கத்தியைத் தொட்டதில்லை. அன்றைக்கு மல்வேர்னில் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய்விடுவார். கேட்டால், "ஆரோ ஒருத்தரின்ர பிறந்தநாளுக்கு நான் ஏன் கேக் தின்ன வேணும்?" என்பார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக இந்த நாட்டில் அவர் ஒரு பிறந்தநாளும் கொண்டாடவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு 1815க்கு வாருங்கள்.

ஆண்டு எப்படித் தொடங்கியது? ஒரு வீண் சண்டையோடு தொடங்கியது. அமெரிக்கரும் பிரித்தானியரும் இரண்டரை ஆண்டுகளாக அடிபட்டார்கள். அந்தச் சண்டையில்தான் நம் ரொறன்ரோவும் எரிந்தது. அப்போது அதற்குப் பெயர் யோர்க். சனத்தொகை சில நூறு. வாகனம் நிறுத்த இடம் தாராளம். 1814 டிசம்பர் இருபத்துநாலு, நத்தார் தினத்துக்கு முதல்நாள், கடலுக்கு அப்பால் பெல்ஜியத்து நகரொன்றில் சமாதானத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். சேதி கப்பலில் ஏறியது. கப்பல் ஆடியது, அசைந்தது, ஆறுதலாக வந்தது. அதற்குள் ஜனவரி எட்டாம் தேதி நியூ ஓர்லியன்சில் பெரும் போர். சமாதானத் தாள் நடுக்கடலில் இருக்க, ஆயிரக்கணக்கானோர் கரையில் விழுந்தார்கள். எதற்காக? ஒரு சேதி வரப் பிந்தியதற்காக. இதை மறந்துவிடாதீர்கள். கடைசியில் தேவைப்படும்.

மூன்று நாள் கழித்து ஸ்கொட்லாந்தில் ஒரு குழந்தை பிறந்தது. பின்னாளில் இந்த நாட்டின் முதல் பிரதமர், ஜோன் மக்டொனால்ட். வைப்பதா எடுப்பதா என்று சண்டை நடக்கும் அவருடைய சிலையைப் பற்றி நான் பேச மாட்டேன். மண்டபம் பன்னிரண்டு மணி வரைக்கும்தான் நமக்கு. அவருடைய பிறந்தநாளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். குடும்பம் கொண்டாடியது ஜனவரி பதினொன்று. பதிவேட்டில் கிடப்பது ஜனவரி பத்து. செயலாளர் அண்ணை, கவனியுங்கள். இந்த நாட்டின் முதல் பிரதமருக்கே கடதாசியில் ஒரு நாள், வீட்டில் ஒரு நாள்.

என்ன சொல்கிறீர்கள் அண்ணை? "அவர் எங்கட சங்கத்தில மெம்பர் இல்லை" என்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

மார்ச் மாதம் வருகிறது. நம் தீவில் கண்டி வீழ்கிறது. அரசன் பிடிபட்டுப் பின்பு வேலூருக்கு அனுப்பப்படுகிறான். பிரதானிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். சிலர் தமிழ் எழுத்தில் இட்டார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டாயிரம் ஆண்டு அரசாட்சி ஒரு தாளில் முடிந்தது. வாளுக்குத் தப்பியது, வெள்ளத்துக்குத் தப்பியது, வெயிலுக்குத் தப்பியது. ஒரு கடதாசிக்குத் தப்பவில்லை.

ஏப்ரல் முதலாம் தேதி ஜெர்மனியில் பிஸ்மார்க் பிறந்தார். முட்டாள்கள் தினத்தில் பிறந்தவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. அதே மாதம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசி வானத்தில் ஏறி உலகத்தைச் சுற்றியது. அடுத்த ஆண்டு கியூபெக்கில் ஜூன் மாதம் பனி கொட்டியது. ரொறன்ரோவில் இருபது ஆண்டு இருந்த ஒருவருக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? டிசம்பரில் ஏடா என்றொரு பெண் பிள்ளை பிறந்தாள். கணக்குப் போடும் இயந்திரத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று முதலில் யோசித்தவர்களில் ஒருத்தி. இன்றைக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதற்கு அவளும் ஒரு காரணம்.

ஆண்டின் நடுவே ஒரு நாள் இருக்கிறது. ஜூன் பதினெட்டு. வாட்டர்லூ. இன்றைக்குச் சரியாக இருநூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன். இரவெல்லாம் மழை; நிலமெல்லாம் சேறு. பீரங்கி புதையுமே என்று நெப்போலியன் நிலம் காயும் வரை காத்திருந்தார். காலை கழிந்தது, கதிரவன் ஏறினான், காத்திருந்தார். அந்த இடைவெளியில் எதிரிக்குத் துணைப்படை வந்து சேர்ந்தது. ஐரோப்பாவை ஆட்டிப் படைத்தவர் எதனால் தோற்றார்? செய்ய வேண்டியதைக் காலையிலேயே செய்யாததால் தோற்றார் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஜூன் பதினெட்டு தமிழில் எந்த நாள்? ஆனி நாலு. குணவதி அக்காவின் சாதகக் குறிப்பில் இருப்பது என்ன? விகிர்தி வருடம், ஆனி நாலு. அதைத்தான் அவர் செயலாளரிடம் நீட்டினார். அண்ணை என்ன சொன்னார்? "சாதகம் கலியாணத்துக்குச் சரி. சங்கத்துக்குச் சரிவராது. பிறந்தநாள் மாறின விதத்துக்கு ஒரு சாட்சி வேணும்" என்றார். நியாயமான கேள்வி. ஆகவே சாட்சியைக் கொண்டுவந்திருக்கிறேன்.

சாட்சி இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்.

1987ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். நான் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது மாதம். ஆங்கிலம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அதை நம்பியவர்கள் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் குடிவரவு அதிகாரி. இந்தப் பக்கம் குணவதி அக்கா, பக்கத்தில் நான், பின்னால் நாற்பது பேர். பிறந்த தேதி என்ன என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "ஐம்பதாம் ஆண்டு, ஆனி நாலு" என்றார் அக்கா, பளிச்சென்று. ஆனி ஆங்கிலத்தில் எந்த மாதத்தில் விழும்? ஜூனா, ஜூலையா? எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னால் நாற்பது பேர் பார்க்கிறார்களே. அப்போது நான் தடக்காமல் சொல்லக்கூடிய ஆங்கிலத் தேதி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என்னுடைய தேதி. ஜனவரி ஒன்று என்றேன். அதிகாரி எழுதினார்.

ஆம், நான் உண்மையாகவே ஜனவரி முதலாம் தேதி பிறந்தவன். இந்த நகரத்தில் அதை இன்றுவரை ஒருவரும் நம்பியதில்லை. அது எனக்குக் கிடைத்த தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "தம்பி, ஆனி நாலு எண்டு வடிவாச் சொன்னனீரோ?" "ஓம் அக்கா, சொல்லிப்போட்டன்" என்றேன். சபையோரே, அந்த ஒரு பொய்யைத் திருத்த எனக்கு எத்தனை காலைகள் கிடைத்தன? எத்தனை கூட்டங்கள், எத்தனை கலியாணவீடுகள், எத்தனை பஸ் தரிப்பிடங்கள்? நிலம் காயட்டும் என்று காத்திருந்தேன். என்னுடைய பிறந்தநாளை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடையதை எங்கேயும் வைக்காமல் முப்பத்தெட்டு ஆண்டுகள் மேடைகளில் வரலாறு பேசினேன். இன்றைக்குச் சொல்கிறேன். பிழை அதிகாரியினுடையது அல்ல, அக்காவினுடையது அல்ல, என்னுடையது. அக்கா, என்னை மன்னியுங்கள். செயலாளர் அண்ணை, கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். எழுத்தில் வேண்டுமா? இதோ, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.

அக்கா ஏதோ சொல்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.

"எனக்குத் தெரியும் தம்பி. கடதாசி வீட்டை வந்த அண்டைக்கே தெரியும். பக்கத்து வீட்டுப் பெட்டை வாசிச்சுச் சொன்னவள்."

பிறகு ஏனக்கா ஒன்றும் கேட்கவில்லை?

"கேட்டு? எங்கட சனத்துக்கெண்டு அந்த நேரம் வாயிருந்த ஆள் நீர் ஒருத்தர்தான். உமக்கு இங்கிலீசு வராதெண்டு நான் வெளியில சொன்னா, பின்னால நிண்ட நாப்பது பேருக்கும் ஆர் கதைக்கிறது? அதுதான் பேசாம இருந்தன். நீரா எப்ப சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். இண்டைக்குத்தான் உம்மட கப்பல் வந்து சேர்ந்திருக்கு."

சபையோரே, நான் எழுதிவைத்த முடிவுரை மூன்று பக்கம். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைக்கிறேன்.

இராஜரட்ணம் அண்ணை எழுந்து நிற்கிறார். என் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தேதி போட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். போட்டிருக்கிறது அண்ணை. "அப்ப சரி. பொன்னாடையை எடுங்கோ" என்கிறார்.

தலைமை தாங்கிய யோகமலர் அவர்களுக்கும், மணியை அடிக்காமல் கையில் பிடித்திருந்த அவருடைய பொறுமைக்கும் நன்றி. விதியைக் காத்த செயலாளருக்கும், வடையைக் காத்த தாய்மாருக்கும் நன்றி. கேக்கை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். கத்தியை அக்காவிடம் மட்டும் கொடுங்கள். பழக்கதோசத்தில் வேறு யாரும் கையை நீட்ட வேண்டாம். செயலாளர் அண்ணை, நீங்களும்தான்.

குணவதி அக்கா, ஆனி நாலு வாழ்த்துகள். எல்லோருக்கும் வணக்கம்.