காற்று அடங்கிய பின் கிளம்பிய படகின் மாஸ்டருக்கு

ஆற்றின் ஆழமறிந்தவரே, அலையின் குணமறிந்தவரே, அக்கரையும் இக்கரையும் சொந்தமென்று உழைத்து எக்கரையிலும் வீடு கட்டாதவரே, வண்டிகளை ஏற்றிச் செல்லும் கடைசிப் படகின் கடைசி மாஸ்டரே, எங்கள் அண்ணனே, வணக்கம்.

பாலம் திறந்துவிட்டது. படகு இன்றோடு நிற்கிறது. நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள், நாங்கள் வேலை இழக்கிறோம். ஒரே பந்தலில் இரண்டையும் வைத்துக்கொண்டு வெறும் புகழ்மொழி வாசிக்க எங்களுக்கு வாய் வராது.

நீங்கள் வேலைக்கு வந்தபோது இது படகே அல்ல. இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவை. இரண்டு கார் ஏறினால் இடம் முடிந்தது. கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பிடித்து ஆட்கள் இழுக்க வேண்டும். உள்ளங்கைத் தோல் வடத்தோடு போகும். பிறகு இன்ஜின் வந்தது, இரும்புத் தளம் வந்தது, லாரிகள் வந்தன. ஏறவும் இறங்கவும் ஒரே வாசல் என்பதால் எல்லா வண்டியும் பின்பக்கமாகவே ஏற வேண்டும். மணல் லாரிக்கு நடு, காருக்கு ஓரம், உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு அண்டைக்கட்டை என்று தளத்தை நிரவி நிறுத்தியது உங்கள் குரல்தான். “வரட்டும், வரட்டும், போதும்ப்பா. தண்ணிக்குள்ள குடித்தனம் நடத்தவா போறே?” என்று நீங்கள் கேட்டதும் பிரேக் போடாத ஓட்டுநர் இல்லை.

காற்று நாட்களுக்கு ஒரு சட்டம் வைத்தீர்கள். முன்கம்பியில் ஈரச் சாக்கு ஒன்று தொங்கும். காற்றில் அது கம்பிக்கு நேராக எழுந்து நின்றால் படகு கரையை விட்டு நகராது. மாப்பிள்ளை காத்திருந்தார், மந்திரியின் கார் காத்திருந்தது. “நான் யாருன்னு தெரியுமா?” என்று எகிறிய அதிகாரியிடம், “எனக்குத் தெரியுது சார், காத்துக்குத்தான் தெரியல” என்றீர்கள். இத்தனை காலத்தில் ஒரு வண்டியும் ஆற்றில் விழவில்லை.

அந்தச் சட்டம்தான் உங்களைத் தின்றது.

பிரசவ வலியில் துடித்த பெண்ணோடு ஆம்புலன்ஸ் வந்து நின்ற அன்று சாக்கு எழுந்து நின்றது. ஆஸ்பத்திரி அக்கரையில். லாரி ஓட்டும் அவள் கணவன் உங்கள் சட்டையைப் பிடித்தான், பிறகு காலைப் பிடித்தான். நீங்கள் சாக்கைப் பார்த்தீர்கள், தளத்தில் ஏற்கெனவே ஏறியிருந்த சனத்தைப் பார்த்தீர்கள், இன்ஜினை அணைக்கச் சொன்னீர்கள். பொழுது சாயுமுன் காற்று அடங்கியது. அதற்குள் அவள் போய்விட்டாள். அவளை அக்கரை சேர்த்ததும் நீங்கள்தான்.

அன்று முதல் உங்களுக்கு ஒரே கேள்வி. இன்ஜின் அறையில் கேட்டீர்கள், சீட்டுக் கொடுக்கும் அக்காவிடம் கேட்டீர்கள், டீ ஆறும்வரை கிளாசைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: “எடுத்திருக்கலாமோ?” எடுத்திருக்கலாம் என்று நாங்கள் சொன்னால் உங்களைக் கொன்றதாகும், கூடாது என்றால் அவளை மறந்ததாகும்.

பாலத்துக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். படகே போதும் என்று சொல்வதாக நாமெல்லாம் பேசி முடிவெடுத்துத்தான் போனோம். நீங்கள் எழுந்து, “போதாது சார். காத்தடிக்கிற நாளெல்லாம் நிக்கிறோம். அன்னைக்குன்னு பாத்து யாருக்கும் நோவு வராம இருக்குமா? பாலத்தைக் கட்டுங்க” என்றீர்கள். உட்காரும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நாங்களும் பல மாதம் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு இங்கே மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. எங்களுக்கும் அடுப்பெரிய வேண்டும், கோபம் வந்தது, வந்தது நியாயம்தான். நீங்களும் ஒரு சொல் குறை சொல்லாமல் எங்களோடு சேர்ந்தே வண்டிகளுக்கு அண்டை கொடுத்தீர்கள்.

இந்த மடலில் கையெழுத்துக் கேட்டு அந்த லாரி ஓட்டுநரிடமும் போனோம். மனைவி போன பிறகும் செங்கல் லோடோடு நம் படகில்தான் அவர் வந்துபோனார். ஒருநாளும் வண்டியை விட்டு இறங்கியதில்லை, உங்களோடு பேசியதில்லை. நாங்கள் கேட்டதும் வெகுநேரம் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை, மாற்றாமல் படிக்கச் சொன்னதால், மாற்றாமல் படிக்கிறோம்.

“கையெழுத்தெல்லாம் போட மாட்டேன். அன்னைக்கு அந்தாளை ஆத்துல தள்ளணும்னு இருந்துச்சு. இப்பவும் சில நாள் அப்படித்தான் இருக்கு. ஆனா எடுத்திருந்தா மொத்தமா போயிருப்போம். எம் பெரிய மக அன்னைக்கு எம் மடியிலதான் இருந்தா. இது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் மனசு கேக்கல. பாலம் திறந்த அன்னைக்கு லோடோட போனேன். நடுவுல ஒரு நிமிஷம் நிறுத்தலாம்னு பாத்தேன். பின்னாடி வந்தவனுங்க ஹாரன் அடிச்சானுங்க, எடுத்துட்டேன். அவரு கேட்டதாலதான் பாலம் வந்துச்சு. அதையும் படிங்க.”

படித்துவிட்டோம், அண்ணே. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவரிடம் இருந்தது இவ்வளவுதான். குறைவாக இருக்கலாம், பொய் இல்லை.

இன்னும் தூக்கத்திலிருந்து எழுந்து வாசலில் நின்று காற்றைப் பார்க்கிறீர்கள் என்று அண்ணி சொல்கிறார்கள். இனி காற்று அடித்தால் அடிக்கட்டும், நீங்கள் புரண்டு படுங்கள். முழங்கால் நோவு தணிந்து, கண்பார்வை குன்றாமல், அண்ணியின் அதட்டலுக்கு அடங்கி, நெடுநாள் எங்கள் நடுவே இருங்கள். ஒருநாள் பாலத்தில் நடந்து போக மனம் வந்தால் ஆள் அனுப்புங்கள். எங்களுக்கும் இனி வேலை இல்லை, கூடவே வருகிறோம்.

இப்படிக்கு,
இன்ஜின் அறை, வடம், தளம், சீட்டறை ஆகியவற்றில்
இன்று மாலைவரை வேலையிலிருக்கும் உங்கள் ஆட்கள்.