ஃபேன் போடாத அறை

அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா? உங்களுக்குப் புழுங்கும் என்றால் வேண்டாம். எனக்கு இது பழக்கமாகிவிட்டது. எங்கள் ஆய்வகத்தில் பூச்சிகளைப் பிரித்தெடுக்கும் அறையில் மே மாதத்தில்கூட ஃபேன் ஓடாது. யாரும் மறந்து போட்டுவிடக் கூடாது என்று சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்போம்.

விசாரணைக் குழுவில் பூச்சி படித்தவர்கள் இல்லை என்பதால் சொல்கிறேன். வெள்ளை ஈ உண்மையில் ஈ அல்ல. இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் பூச்சி. சிறகு முளைத்துவிட்டால் எல்லா இனமும் மாவில் புரண்டதுபோல ஒன்றாகத்தான் தெரியும். எந்த இனம் என்று சொல்ல, அது சிறகு முளைத்து வெளியே வரும்போது இலையிலேயே விட்டுப்போகும் உறையைப் பார்க்க வேண்டும். கடுகில் பாதிகூட இராது. அதைக் காரத்தில் காய்ச்சி, சாயமேற்றி, கண்ணாடித் துண்டில் பதித்து, நுண்ணோக்கியில் வைத்து அதன் ஓரத்துப் பற்களையும் முதுகுத் துளைகளையும் பார்க்க வேண்டும். புதிய இனம் என்று அறிவிப்பவர் அந்தக் கண்ணாடித் துண்டைக் காட்டியாக வேண்டும். வரைந்த படத்தை மட்டும் காட்டினால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நியாயமான விதிதான்.

இஃப்ஃபத்தும் நானும் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டில் ஆய்வுக்குச் சேர்ந்தோம். அடுத்தடுத்த மேசை. லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். வந்ததும் ஹெல்மெட்டை என் மேசையில்தான் வைப்பாள். என் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர் என்பது அவளுக்கு ஓயாத கேலி.

"உங்க வீட்டுல எல்லாம் பாஸ்போர்ட்டோடயே பொறந்துடுறீங்க. நான் பூச்சி புடிச்சுத்தான் ஃப்ளைட்டு ஏறணும், ரொமேன்."

அப்படியே நடக்க இருந்தது. பாரிஸில் ஒரு அருங்காட்சியகத்தில் மூன்றாண்டு வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் ஒரு புதிய இனத்தை அவள் விவரித்து அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. காத்திருப்போர் வரிசையில் அடுத்த பெயர் என்னுடையது. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த இனத்தை அவளுக்குக் கொடுத்ததே நான்தான். எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் ஒரு புன்னை மரம் இருந்தது. அந்த வீட்டில் என் அப்பாவின் அக்கா இருக்கிறார். தாந்த் மரி-க்ளேர் என்று கூப்பிடுவோம்; தாந்த் என்றால் பிரெஞ்சில் அத்தை. வெள்ளை ஈ இருக்கும் மரம் பிசினைப் போல எதையோ சொட்டிக்கொண்டே இருக்கும். தாந்த் அந்த மரத்தடியில்தான் கார் நிறுத்துவார்.

"டேய் ரொமேன், காரத் தொட்டா கையே ஒட்டிக்குதுடா. இந்தச் சனியன வெட்டிடவா?"

"கொஞ்ச நாள் போகட்டும் தாந்த்," என்று நான்தான் தடுத்துவைத்திருந்தேன். ஒரு கிளையை ஒடித்து இஃப்ஃபத்திடம் கொண்டுபோனேன். அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இது நமக்குத் தெரிஞ்ச எதுலயும் சேரல. பயமா இருக்கு."

அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பார்த்ததை அன்றே படமாக வரைந்தும் வைத்தாள். அன்றிலிருந்து அவள் பேச்செல்லாம் பாரிஸ் பற்றியே இருந்தது. குளிர் எப்படி இருக்கும், ரொட்டி என்ன விலை, ஹலால் கறி எங்கே கிடைக்கும். என்னிடம்தான் கேட்டாள். நான் பொறுமையாகப் பதில் சொன்னேன்.

முதல் உறையைக் கண்ணாடியில் பதிக்கும்போது அவள் ஊசி பட்டு இடது ஓரம் கிழிந்துவிட்டது. "சே, இத தூக்கிப் போட்டுடு ரொமேன். இன்னும்தான் நெறைய இருக்கே," என்றாள். நான் அந்தக் கண்ணாடித் துண்டை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மீதியிருந்த எல்லா உறைகளையும் இலையிலிருந்து எடுத்து, கறுப்புக் காகிதத்தின் மேல் பரப்பி, கண்ணாடி மூடியால் மூடிவிட்டுச் சாப்பிடப் போனாள். அறையில் நான் மட்டும் இருந்தேன். வெயில் கடுமை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஃபேன் போட்டேன். நான் செய்த காரியம் என்று பார்த்தால் அவ்வளவுதான்.

மூடியை அதற்கு முன் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவள் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே வைத்தேன்.

அவள் திரும்பி வந்தபோது ஃபேன் ஓடவில்லை, பிளாஸ்திரி பழையபடி இருந்தது, நான் கேன்டீனில் இருந்தேன். போன் செய்தாள். "நான் மூடினேனா ரொமேன்? மூடினேன்னுதான் ஞாபகம்... ஜன்னல் வேற தெறந்து கெடக்கு." இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடினோம். அவளைவிட நான் அதிக நேரம் தேடினேன்.

சட்டென்று நிமிர்ந்து கேட்டாள்: "அந்தக் கிழிஞ்சது? அத என்ன பண்ண?"

"நீதானே தூக்கிப் போடச் சொன்ன," என்றேன்.

அது அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

புன்னை மரத்துக்கு ஓடினாள். அடிமரம் மட்டும் நின்றது. முந்தைய நாள் காலையில்தான் வெட்டியிருந்தார்கள். அதற்கும் முந்தைய நாள் தாந்த் போனில் மறுபடியும் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்று சொல்லியிருந்தேன். வீடு அவருடையது. எத்தனை முறைதான் ஒருவரைத் தடுப்பது?

அதன்பிறகு காலாப்பட்டிலிருந்து கடலூர் வரை எந்தப் புன்னையிலும் அந்தப் பூச்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஜூன் முடிந்தது. இல்லாத பூச்சியை இஃப்ஃபத் கற்பனையாக வரைந்துவிட்டாள் என்று ஆய்வகத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, நீ அதைப் பார்த்தாயா என்று கேட்டார். "உற்றுப் பார்க்கல சார். ஆனா பாவம், அவ தூங்கியே பல நாளாச்சு," என்றேன். அவளுக்காக இரக்கத்தோடு பேசியது நான் ஒருவன்தான்.

அவள் ஆய்வை விட்டுவிட்டாள். லாஸ்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறாள். மூடியை மறந்தது தன் தவறுதான் என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் நான் போய்ப் பார்ப்பேன். "விடு, யாருக்கும் நடக்கறதுதான்," என்று தேற்றுவேன். அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி உங்களிடம் அவள் எதுவும் சொல்லவில்லையா?

பாரிஸ் வேலை எனக்கு வந்தது. நான் போகவில்லை. பொறாமையில் செய்தேன் என்று அவள் புகாரில் எழுதியிருக்கிறாள். இது ஒன்றே அதற்குப் பதில். அவள் இங்கே இருக்கும்போது நான் எதற்குப் போக வேண்டும்?

இந்த ஆண்டு அந்தக் கண்ணாடித் துண்டை வைத்து நான் கட்டுரையை வெளியிட்டேன். அச்சான பிரதியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் பக்கத்தை அவள் படிக்கவே இல்லை. நேராகப் படத்தைப் பார்த்தாள். விரலை அதன் இடது ஓரத்தில் வைத்தாள்.

"இந்தக் கிழிசல் என் ஊசி கிழிச்சது."

பிரதியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். பிறகு உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் சொன்ன அனைத்தும் உண்மை. எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அவள் முதல் பக்கத்தைப் படித்திருக்கலாம். அந்த இனத்துக்கு நான் அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். இனி யாராலும் அதை மாற்ற முடியாது. தான் கண்டுபிடித்த பூச்சிக்குத் தன் பெயரையே வைத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமில்லை. அதற்கு வேறொருவர் வேண்டும். அவளுக்கு நான் இருந்தேன்.