தெளிநீர் ரொட்டி

இன்னும் ஒரு துண்டு ரொட்டி எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர். வெண்ணெய் வேண்டாமென்றால் பரவாயில்லை. எங்கள் வீட்டு ரொட்டி வெண்ணெய் இல்லாமலே தொண்டையில் இறங்கும். வாரக் கடைசி வரை வைத்திருந்தாலும் வறளாது. கடை ரொட்டி மறுநாளே மரத்தூளாகிவிடுகிறது. மனைவி போன பிறகு ரொட்டி சுடுவதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்காரர்களிடம் விடக்கூடிய காரியம் அல்ல அது.

லேவார்டனிலிருந்து இந்த மழையில் நீங்கள் வண்டியோட்டி வந்தது ரொட்டி தின்ன அல்ல என்று தெரியும். என் மகன் ஃபோல்கெர்ட் உங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தவன். கடைசி முறை வந்தபோது சாப்பாட்டு டப்பாவை உங்கள் அறையில் மறந்துவிட்டான். உங்கள் தாதி அதைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார். அவன் இறந்த பிறகு உள்ளே இருந்த ரொட்டியைப் பரிசோதித்தீர்கள். அதில் பாலின் புரதம் இருந்திருக்கிறது. எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாதீர்கள்.

முதலில் எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ரீஸ்லாந்தில் சீஸ் செய்கிற வீடுகள் நிறைய. வொப்கெமா வீடு ஒன்றுதான். சீரகமும் கிராம்பும் போட்ட எங்கள் சீஸை அறுத்தால் தெரு முனையில் நிற்பவனுக்கும் வாசனை போகும். என் தாத்தாவின் தாத்தா கட்டிய முகப்புக் கல் இன்னும் வாசலுக்கு மேலே இருக்கிறது. வரும்போது பார்த்திருப்பீர்கள். இத்தனை தலைமுறையில் யாரும் கடனுக்குத் தலைகுனிந்ததில்லை, யாரும் பாலில் தண்ணீர் கலந்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த ஒரே மகனுக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

சின்ன வயதிலிருந்தே அடைப்பு. உள்ளே சதை வளர்ந்தது, வெட்டினார்கள், மறுபடி வளர்ந்தது. இருபது வயதில் அவனுக்குக் கிராம்புக்கும் சோப்புக்கும் வித்தியாசம் தெரியாது. சீஸ் பழுத்துவிட்டதா என்று மோந்து பார்த்துச் சொல்லும் நாளில் நான் பக்கத்தில் நின்றுகொள்வேன். நான் மூக்கைத் தொட்டால் ஆயிற்று, காதைத் தொட்டால் ஆகவில்லை. என்னைப் பார்த்துவிட்டு அவன் தலையசைப்பான். பத்து வருடம் இப்படி ஓட்டினோம். வியாபாரிகள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு குடும்பம் இப்படித்தான் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும்.

பிறகு தொண்டை. இறைச்சி நெஞ்சில் நிற்கிறது என்றான். ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தான். மேசையில் எல்லோரும் எழுந்த பிறகும் அரைத்தட்டோடு மென்றுகொண்டிருப்பான். என் மருமகள் மார்லீன்தான் உங்களிடம் அழைத்துவந்தாள். அவள் லிம்பர்க்காரி; அந்தப் பக்கத்தில் எதையும் ஊருக்குச் சொல்லித்தான் பழக்கம்.

நீங்கள் குழாய் விட்டுப் பார்த்தீர்கள். மூக்கில் சதை வளர்த்த அதே வகை வெள்ளணுக்கள் உணவுக்குழாயிலும் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அழற்சியில் குழாய் குறுகிக்கொண்டே போகிறது என்றீர்கள். காரணம் என்ன என்று கேட்டேன்.

"பாலா இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"பலருக்குப் பால்தாங்க காரணம். ஆறு வாரம் பாலை அறவே நிறுத்திட்டு மறுபடி உள்ள பார்ப்போம். அப்பத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

இருக்கலாம். பார்ப்போம். இப்போதைக்கு. எழுபத்தைந்து வயதில் ஓர் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, உங்களைப் போன்ற படித்தவர்களிடமிருந்து இந்த மூன்று சொற்களைத் தவிர வேறெதுவும் கிடைக்காமல் திரும்புவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. சீஸ் செய்கிறவன் "கெட்டியாகலாம்" என்று சொன்னால் அவனை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அன்று நீங்கள் உறுதியாகச் சொன்ன ஒன்றும் உண்டு. உணவுக் கட்டுப்பாடு பலிக்காதவர்களுக்கு உங்கள் ஆராய்ச்சியில் புதிய ஊசி போடுவீர்கள். ஊசி வேலை செய்தால் எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், அடைத்த மூக்கும் திறக்க வாய்ப்புண்டு. அதை மனதில் வாங்கிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். கட்டுப்பாடு பலித்தால் என் மகன் சாகும்வரை பால் தொடாத சீஸ்காரன். பலிக்காவிட்டால் ஊசி, மூக்கு, மேசையில் மற்றவர்களைப் போல ஒரு தட்டு. ஒரு தகப்பன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

இப்போது ரொட்டிக்கு வருகிறேன். பால் கெட்டிப்பட்டுச் சீஸ் பிரிந்ததும் தொட்டியில் மஞ்சள் தெளிநீர் மிஞ்சும். எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பதில் அதை ஊற்றித்தான் மாவு பிசைவோம். ரொட்டி வறளாததற்கு அதுதான் காரணம். மீதி பன்றிகளுக்குப் போகும். அதைப் பால் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. முதல் வாரம் பழக்கத்தில்தான் ஊற்றினேன்.

இரண்டாம் வாரம் நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டீர்கள்.

"சீஸ் வடிச்ச தண்ணி கூட ஆகாதுங்க. பால்ல இருக்கிற புரதம் அதுலயும் இருக்கு. மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நினைவோடுதான் ஊற்றினேன்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தீர்கள். குணமில்லை, கொஞ்சம் மோசம். வீட்டுக்கு வந்து மார்லீனிடம் சொன்னேன், பால் குற்றமற்றது என்று ஆஸ்பத்திரியே சொல்லிவிட்டது என்று. எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. இனி ஊசிதான் என்று காத்திருந்தேன்.

நீங்களோ ஊசி போடவில்லை. ஊசிக்கு முன் இன்னொரு கட்டம் இருக்கிறது, பாலோடு கோதுமையையும் முட்டையையும் நிறுத்த வேண்டும் என்றீர்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என் கணக்கு வேறாக இருந்திருக்கும். இதில் உங்கள் பங்கை நீங்களும் யோசிக்க வேண்டும்.

கோதுமை கூடாது என்றதால் பக்வீட் என்கிற தானியத்தின் மாவில் சுட்டேன். அது கல் மாதிரி வரும். தெளிநீர் விட்டால்தான் வாயில் வைக்க முடியும்.

ஃபோல்கெர்ட் இளைத்தான். இடுப்பு வாரில் புதுத் துளை போடக் குத்தூசியை என்னிடம்தான் கேட்டு வாங்கினான். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு டப்பா டப்பாவாக ஒட்டியிருந்த பொடி எழுத்தைப் படிப்பான். பற்பசையைத் தூக்கி எறிந்தான். நாய்க்குச் சீஸ் வைத்த கையை மூன்று தடவை கழுவினான். ஒருநாள் சமையலறையில் இதே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நான் என்னப்பா தப்பு பண்றேன்? இன்னும் என்னத்தத்தான் விட? காத்தைத்தான் விடணும்."

"நீ ஒரு தப்பும் பண்ணல" என்றேன். அது உண்மைதான்.

மார்லீனுக்கு அவன்மேல் சந்தேகம். தொழிற்கூடத்தில் ஒளிந்து சீஸ் தின்கிறான் என்று நினைத்தாள்.

"கண்ணப் பார்த்துச் சொல்லு. ஒரு துண்டு கூட வாயில போடலயா?"

"இல்லடி! எத்தன தடவ கேப்ப?"

"அப்ப எப்படி? உன் தொண்டை மட்டும் தனியாப் போய்ப் பால் குடிச்சிட்டு வருதா?"

அடுத்த முறை நீங்களும் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டீர்கள். அப்போது நான் எழுந்து நின்று சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். வொப்கெமா வீட்டில் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது, என் மகன் சொன்னால் சொன்னதுதான் என்றேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். ஃபோல்கெர்ட் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஆறேழு வயதுக்குப் பிறகு அவன் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

இரண்டாம் கட்டமும் பலிக்கவில்லை. ஜனவரியில் ஊசி என்று தேதி கொடுத்தீர்கள். எல்லாம் நான் நினைத்தபடியே போய்க்கொண்டிருந்தது.

டிசம்பரில் எங்கள் வீட்டு விழா வந்தது. அரசரின் பெயரால் எங்களுக்கு மரியாதைப் பட்டம். மேயர் வந்து பலகையைத் திறக்க வேண்டும், வீட்டின் வாரிசு முதல் சீஸை அறுத்து எல்லோர் முன்னாலும் ஒரு துண்டு சாப்பிட வேண்டும். தலைமுறை தலைமுறையாக உள்ள வழக்கம் இது. ஃபோல்கெர்ட் முந்தின நாளே மறுத்துவிட்டான்.

"அறுக்கிறேன்பா. தின்ன மாட்டேன். ஊசிக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு, இப்பப் போய்க் கெடுத்துக்கச் சொல்றீங்களா?"

"ஊரே பார்க்கும்டா. சொந்தச் சீஸைத் தொடாத சீஸ்காரன்னு சொல்வாங்க."

"சொல்லட்டும்."

சொல்லட்டும் என்றான். அவனுக்கு அது சுலபமாக வந்தது. நான் வற்புறுத்தவில்லை. கூடத்தில் ஊரே நின்றது. அவன் அறுத்தான், தட்டை எனக்கு நீட்டினான், நான் சாப்பிட்டேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். அது அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். முகம் சிவந்துபோய், மேசையிலிருந்து ஒரு பெரிய துண்டு மாட்டிறைச்சியை எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு விழுங்கினான். இறைச்சி அவனுக்குத் தடை இல்லை. ஆனால் தண்ணீரில்லாமல் அவனால் இறக்க முடியாது. ஆறு மாதத்தில் அந்தக் குழாய் இன்னும் எவ்வளவு குறுகியிருந்தது என்பது உங்கள் படங்களில் இருக்கிறது.

நின்றுவிட்டது. எச்சில்கூட இறங்கவில்லை. நான்தான் தோளைப் பிடித்துப் பின்னால் சீஸ் பழுக்க வைக்கும் அறைக்கு அழைத்துப்போனேன். அங்கே குமட்டிக் குமட்டி ஓங்கரித்தான். ஒரு முறை பலமாக ஓங்கரித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுக்கின்மேல் சாய்ந்தான்.

"ஆம்புலன்ஸு..." என்றான்.

வாசலில் மேயரின் கார், பத்திரிகைக்காரர்கள், பாதிப் பேச்சு. அந்த நேரத்தில் நீல விளக்குப் போட்டுக்கொண்டு வண்டி வந்து நின்றால் எதைப் படம் பிடிப்பார்கள்? பேச்சு முடியட்டும், கொஞ்சம் பொறு என்றேன். கதவைச் சாத்திவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மார்லீன் காபித் தட்டோடு எதிரே வந்தாள்.

"எங்க மாமா அவரு?"

"படுத்திருக்கான். தொந்தரவு பண்ணாத."

மேயர் நன்றாகப் பேசினார், கொஞ்சம் நீளம். பிறகு என்னை நான்கு சொல் பேசச் சொன்னார்கள், பேசினேன். பலகையைத் திறந்தோம். அதன் பிறகு பாட்டு. கடைசி விருந்தினர் போன பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். உணவுக்குழாய் கிழிந்து நெஞ்சுக்குள் சீழ் வைத்துவிட்டது, சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் தைத்திருக்கலாம் என்று அறுவை டாக்டர் சொன்னார். அவரும் "இருக்கலாம்" என்றுதான் சொன்னார். நான்காம் நாள் ஃபோல்கெர்ட் போனான். ஊர் முழுவதும் அடக்கத்துக்கு வந்தது. எங்கள் வீட்டைப் பற்றி ஒருவர்கூட ஒரு தவறான சொல் சொல்லவில்லை.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில், நான்தான். இரண்டாம் வாரத்திலிருந்து கடைசி நாள் வரை, தெரிந்தே. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். பாலை நிறுத்தியும் அவனுக்குக் குணமாகவில்லை என்று எழுதியது உங்கள் கை. அதை நான் எழுதச் சொல்லவில்லை.

மார்லீனுக்கு இன்னும் எதுவும் சொல்லவில்லை என்கிறீர்கள். நல்லது. அவளுக்குப் போதுமான துக்கம் இருக்கிறது. அவள் மகள் நீன்கே வேறு இப்போது ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் கேட்கிறாள், அப்பனைப் போலவே. போன மாதம் நீங்கள் சொன்னதைக் கேட்டு மார்லீன் குழந்தைக்கும் பாலை நிறுத்திவிட்டாள். ஏழு வயதுப் பெண்ணுக்கு, வொப்கெமா வீட்டில்.

நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலையில் அவளுடைய பள்ளிக்கூட டப்பாவைக் கட்டிக்கொடுத்ததும் நான்தான். ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், டாக்டர். பால் ஒரு சொட்டும் இல்லாத ரொட்டிதான். நீங்கள் கடித்து வைத்திருக்கிறீர்களே, அதே ரொட்டியின் மறுபாதி.