லடாக் போகிற வண்டி

கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரே ஒரே ஆபீஸில் வேலை பார்க்கும் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் ஹெல்மெட், முழங்காலில் கவசம்.

அவர்தான் ஆரம்பித்தார். "நம்ம பைக்கு லடாக் வரைக்கும் நிக்காம போவும் மச்சான், எல்லாம் நானே மாட்னேன். பார்க்கிங்க வுட்டுதான் வெளிய வரல."

"ஏன்டா?"

"ரெண்டு பக்கமும் லக்கேஜ் பொட்டி போட்டேன். தள்ளிகினு வரும்போது ரெண்டு தூணுக்கு நடுவுல சிக்கிகிச்சு."

"போடறதுக்கு முன்ன அளக்கலியா?"

"வண்டிய அளந்தேன். தூண யாருடா அளப்பாங்க?"

"சரி, பொட்டிய கழட்டு."

"ஸ்பானர் செட்டு பொட்டிக்குள்ள கீது. தூணு இடிச்சிகினு மூடி தொறக்க மாட்டேங்குது."

"அப்ப இன்னாத்துக்கு இந்த ஹெல்மெட்டு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். ஆட்டோ முழுக்கக் கேட்டது.

"ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாத மச்சான். ஒரு வாரமா வண்டிலதான் வரேன்னு நெனச்சிகினு கீறானுங்க."

ஆபீஸுக்கு ஒரு ஸ்டாப் முன்பே இறங்கிக்கொண்டார். டிரைவர் தலையை நீட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணாத்த, ஹெல்மெட்ட ஒருவாட்டி போட்டுக் கழட்டு. சீவுன தல அப்டியே கீது, கண்டுபுடிச்சிருவானுங்க."