வீட்டில் மட்டும் நொண்டுகிறவர்

காளவாசலில் டவுன் பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் கம்பியைக்கூடப் பிடிக்காமல் ஏறியிருந்தார்.

“பாதத்துல ஆபரேஷன் பண்ணது நல்லா ஆறிருச்சு. வீட்டுல மட்டும் நொண்டுறேன்” என்றார்.

அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“எதுக்குக்கா?” என்றாள் இளையவள்.

“கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல அவரு அடுப்படிப் பக்கமே வந்ததில்ல. ஆபரேஷன் முடிஞ்சு நான் வந்து படுத்ததுல இருந்து அவரு சமையல்தான். தெனமும் காலையில, ‘வலிக்குதா?’ன்னு கேப்பாரு. ‘வலிக்குது’ம்பேன். ‘அப்ப எந்திரிக்காத, காபி கொண்டாரேன்’ம்பாரு.”

“பாவம்க்கா அண்ணே. ஆறிருச்சுன்னு சொல்லிர வேண்டியதுதான?”

“டாக்டர் சொல்றப்ப அவரும் பக்கத்துலதான்டி நின்னாரு.”