மாகாண சபை பிந்த ஒரு நேர்த்தி

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். ஒருவர் மாதாவுக்கு வைத்த நேர்த்தியை மற்றவர் வெளியில் சொல்வது பாவமோ என்ற பயம்தான்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் அகதி விசா புதுப்பிக்கும் வரிசை. ஊரில் தமிழருக்கு மாகாண சபை தருவோம் என்று இலங்கை அரசாங்கம் சொல்லியிருந்த காலம். எனக்கு முன்னால் மன்னார்க்காரர் ஒருவரும் அவருடைய அறைத்தோழரும் நின்றார்கள்.

"மாகாண சபை பிந்தவேணும் எண்டு மாதாவுக்கு என்ரை உயரத்துக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறன்" என்றார் மன்னார்க்காரர்.

"என்ன அண்ணை! போன வருசம் அது கெதியா வரவேணும் எண்டெல்லோ நேர்ந்தனீங்கள்?"

"ஓம், அப்ப நான் ஊரிலை. இப்ப என்ரை அகதி வழக்கு முடியேல்லை. சபை வந்திட்டுது, இனிப் பிரச்சினை இல்லை, திரும்பிப் போ எண்டு இந்த ஜெர்மன்காரர் சொன்னால்? வழக்கு வெண்டால்தானே மனிசி பிள்ளையளைக் கூப்பிடலாம்."

"அப்ப மாதா எந்த நேர்த்தியைக் கேக்கிறது?"

"ரெண்டையும்தான். முதல் வழக்கு, பிறகு சபை."

"இதுக்கேன் மாதாவுக்குக் கரைச்சல்? எங்கடை அரசாங்கத்தின்ரை கையிலை விட்டால் அது தன்ரை பாட்டிலை பிந்தும்."

மன்னார்க்காரரும் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இந்தமுறை சொன்ன சொல்லைக் காப்பாத்திப்போட்டாங்கள் எண்டால்?"

தோழர் அவர் பக்கம் நெருங்கி நின்றார்.

"ஞாயிறு பூசைக்கு நானும் வாறன் அண்ணை. என்ரை பேரிலையும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவம்."

இதை யாருக்காவது சொன்னால் அவர்கள் பேசியபடியே சொல்லுங்கள். வழக்கு வென்றது, தோற்றது என்று எதையும் சேர்க்கவேண்டாம். அது எனக்கும் தெரியாது.